ஆறுக்கு எத்தனை என்று கேட்காதீர்கள்

சிறுநீரகம் செயலிழந்த ஒருவரின் வீட்டில் மாற்று அறுவை பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். மூன்றாவது வாக்கியத்துக்குள் ‘மேட்ச்’ வந்துவிடும். “தம்பிக்கு ஆறுக்கு மூணாம், தங்கச்சிக்கு ஒண்ணுகூட இல்லையாம்.” “பொண்டாட்டி எப்படிக் குடுக்கிறது, ரத்த சொந்தம் இல்லையே?” “ஆறும் சேர்ந்தாத்தான் உடம்பு ஏத்துக்கும், இல்லேன்னா திருப்பியும் டயாலிசிஸ்தான்.” பேராசிரியரும் இதைச் சொல்கிறார், காய்கறிக் கடைக்காரரும் சொல்கிறார், இருவரும் ஒரே உறுதியோடு சொல்கிறார்கள். திசுப் பொருத்தத்தில் வாங்கிய மதிப்பெண்தான் வைத்த சிறுநீரகத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது, மதிப்பெண் குறைந்தால் பொறுத்திருந்து பார்ப்பதே புத்திசாலித்தனம் என்பது ஊரறிந்த கருத்து.

இந்தக் கருத்து தவறு. இதை நம்பி, கைக்கு எட்டிய சிறுநீரகத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டயாலிசிஸ் நாற்காலியில் உட்காருபவர்கள் தங்கள் ஆயுளைக் கொடுத்துத்தான் காத்திருக்கிறார்கள். அதனால் இதை மென்மையாக மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஆறு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். நம் உடம்பின் செல்களின் மேல் எச்.எல்.ஏ. என்ற புரதங்கள் இருக்கின்றன. ‘இது நம்முடையது, இது அயலானது’ என்று நோய் எதிர்ப்பு அமைப்பு பிரித்தறிய உதவுபவை அவை. அவற்றுக்கான மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் நெருக்கமாக அமர்ந்திருக்கின்றன. அவற்றில் ஏ, பி, டிஆர் என்ற மூன்று இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என எண்ணினால் ஆறு. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் பாதியாவது நிச்சயம் சேரும். உடன்பிறந்தவர்களுக்கு நான்கில் ஒரு வாய்ப்பு முழுதாகச் சேர, இரண்டு வாய்ப்பு பாதி சேர, மீதி ஒரு வாய்ப்பு பெற்றோரிடமிருந்து இருவரும் வெவ்வேறு பாதிகளையே வாங்கியிருக்க. கூடப் பிறந்த அண்ணன் பொருத்தத் தாளில் வழிப்போக்கனைப் போல நிற்கலாம். ‘ரத்த சொந்தம்’ என்ற வாதம் இந்த இடத்திலேயே ஆட்டம் காணத் தொடங்குகிறது.

இந்த நம்பிக்கை வானத்திலிருந்து குதித்ததும் இல்லை. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மர்ரே செய்த அறுவைதான் உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று. ரிச்சர்ட் ஹெரிக் பெற்றுக்கொண்டார். கொடுத்தவர் அவருடைய ஒரே கரு இரட்டையரான ரொனால்ட். அறுவைக்கு முன்பு ஒருவர் தோலை மற்றவருக்கு ஒட்டிப் பார்த்தார்கள். தோல் உதிரவில்லை என்றதும்தான் கத்தியைக் கையில் எடுத்தார்கள். ரிச்சர்ட் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். எதிர்ப்பாற்றலை அடக்க நல்ல மருந்து எதுவும் இல்லாத அந்தக் காலத்தில் பொருத்தம்தான் எல்லாம். ‘ஆறும் சேர வேண்டும்’ என்ற எண்ணம் அந்தக் காலத்துக்குச் சரி. எண்பதுகளில் சைக்ளோஸ்போரினும் தொண்ணூறுகளில் டாக்ரோலிமஸும் மைக்கோஃபினோலேட்டும் வந்தன. மருத்துவம் இடம் மாறிவிட்டது. ஊர்ப் பேச்சு மட்டும் 1954லேயே நிற்கிறது.

பால் டெரசாகியின் கதை இங்கே முக்கியம். லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகவே குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்ட சிறுவன். அவர் 1964இல் உருவாக்கிய நுண்சோதனை முறைதான் திசுப் பொருத்தம் பார்ப்பதை உலகமெங்கும் சாத்தியமாக்கியது. அதே டெரசாகி 1970இல் தி ஹேக் நகரில் நடந்த சர்வதேச மாநாட்டில் எழுந்து, உறவில்லாத இறந்தவர்களிடமிருந்து பெற்ற சிறுநீரகங்களில் பொருத்த மதிப்பெண்ணுக்கும் வெற்றிக்கும் தொடர்பு தெரியவில்லை என்று சொன்னார். தன் கருவி தரும் மதிப்பெண்ணின் வரம்பைத் தானே வெளியே சொன்னார். கைமேல் கிடைத்த பலன், அவருக்கு வந்துகொண்டிருந்த அரசு ஆய்வு நிதி வெட்டப்பட்டதுதான். பின்னாளில் சோதனைகள் நுட்பமானபோது பொருத்தத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று தெரியவந்தது. அவரே அதைக் காட்டினார். ஆனால் அவர் 1995இல் சகாக்களோடு வெளியிட்ட இன்னொரு கணக்குதான் இந்த விவாதத்தை முடித்துவைத்திருக்க வேண்டியது.

அமெரிக்கப் பதிவேட்டிலிருந்து எடுத்த கணக்கு அது. கணவனோ மனைவியோ கொடுத்த 368 சிறுநீரகங்களில் மூன்று ஆண்டுகள் கழித்து 85 விழுக்காடு வேலை செய்துகொண்டிருந்தன. பெற்றோர் கொடுத்த 3,368 சிறுநீரகங்களில் 82 விழுக்காடு. இறந்தவர்களிடமிருந்து பெற்றவற்றில் 70. பெற்றோர் என்றால் குறைந்தது பாதிப் பொருத்தம். தம்பதியருக்குள் அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. அப்படியிருந்தும் தம்பதியரின் சிறுநீரகம் பெற்றோரின் சிறுநீரகத்துக்குச் சற்றும் குறையவில்லை. பொருத்தம் கூடியதால் இந்த வெற்றி வரவில்லை என்பதையும் அந்த ஆய்வு தனியாகச் சரிபார்த்தது. காரணம் எளியது. ஆரோக்கியமான, உயிருள்ள ஓர் உடம்பிலிருந்து, மரணத்தின் அதிர்ச்சிக்கு ஆளாகாமல், அடுத்த அறையிலிருந்து வந்த சிறுநீரகம் அது. உறுப்பின் தரம் மதிப்பெண்ணை முந்திவிட்டது.

(நம் ஊருக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. மாமன் மகளையும் அத்தை மகனையும் அக்கா மகளையும் கட்டும் வழக்கம் உள்ள தமிழ்நாட்டில், ‘மனைவி ரத்த சொந்தம் இல்லை’ என்பது பல வீடுகளில் உண்மையே கிடையாது. பாட்டி தாத்தாவிடமிருந்து வந்த ஒரே பாதி இருவரிடமும் இருக்கக்கூடும். சோதித்துப் பார்க்காமலே அந்தப் பெண்ணை, அல்லது அந்த ஆணை, பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறார்கள்.)

அப்படியானால் பொருத்தத்துக்கு மதிப்பே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. எதிர்த் தரப்பின் வலுவான சான்றை மறைப்பது எனக்கு அழகில்லை. 1987 முதல் 2013 வரை அமெரிக்காவில் இறந்தவர்களிடமிருந்து முதல்முறை சிறுநீரகம் பெற்ற ஒரு லட்சத்து எண்பத்தொன்பதாயிரம் பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. ஆறும் பொருந்திய சிறுநீரகத்தோடு ஒப்பிட்டால், ஒன்று பொருந்தாதபோது இழக்கும் அபாயம் 13 விழுக்காடு கூடுகிறது. ஆறுமே பொருந்தாதபோது 64 விழுக்காடு. இது சிறிய எண் இல்லை. ஆறும் ஒத்துப்போகும் உடன்பிறந்தவர், ஆரோக்கியத்தோடும் மனப்பூர்வமான சம்மதத்தோடும் முன்வந்தால், அவரைவிடச் சிறந்த கொடையாளர் இல்லை. நோயாளி பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்றால் இன்னும் கவனம் வேண்டும். அந்தப் பிள்ளைக்கு வாழ்நாளில் இரண்டாவது, மூன்றாவது சிறுநீரகம் தேவைப்படலாம். முதல் சிறுநீரகத்தில் இருந்த அயல் புரதங்களுக்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்பு, அடுத்ததைத் தேடும்போது வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும்.

ஆனால் அந்தச் சான்று சொல்வது, இரண்டு சிறுநீரகங்கள் ஒரே நாளில் ஒரே தரத்தில் முன்னால் இருந்தால் பொருத்தம் கூடியதை எடு என்பதை மட்டும்தான். பொருத்தம் கூடியது வரும் வரை டயாலிசிஸில் இரு என்று அது சொல்லவில்லை. நம் வீடுகளில் நடப்பது இரண்டாவது.

காத்திருப்பதன் விலை என்ன என்பதை 2002இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு அழகாகப் பிரித்துக் காட்டியது. இறந்த ஒருவரிடமிருந்து இரண்டு சிறுநீரகங்கள் கிடைக்கும். அவை இரண்டு பேருக்குப் போகும். கொடுத்தவர் ஒருவரே என்பதால் உறுப்பின் தரத்தில் வேறுபாடு கிடையாது. அப்படிப்பட்ட ஜோடிகளில், ஆறு மாதத்துக்கும் குறைவாக டயாலிசிஸில் இருந்தவருக்கும் இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்தவருக்கும் போன சிறுநீரகங்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். பத்து ஆண்டு முடிவில் முதல் பிரிவில் 63 விழுக்காடு ஓடிக்கொண்டிருந்தன. இரண்டாம் பிரிவில் 29. நெடுநாள் காத்திருந்தவர்கள் ஏற்கெனவே நலிந்தவர்களாக இருந்திருக்கலாமே என்று ஆட்சேபிக்கலாம். ஓரளவு உண்மைதான். ஆனால் நலிவைக் கொண்டுவருவதும் அந்தக் காத்திருப்புதானே? இதயச் சுவர் தடிக்கிறது, ரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படிகிறது, டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்துச் செய்த ஃபிஸ்டுலா அடைத்துக்கொள்கிறது, கழுத்தில் போட்ட குழாயில் தொற்று வருகிறது. 1999இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில், காத்திருப்போர் பட்டியலிலேயே நின்றவர்களைவிட மாற்று பெற்றவர்களுக்கு நீண்டகால மரண அபாயம் 68 விழுக்காடு குறைவாக இருந்தது. ஒன்றிரண்டு மதிப்பெண் கூடுதலாக வரட்டும் என்று வருடங்களைத் தள்ளிப்போடுவது எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகாது.

எண்ணுவதே தவறான இடத்தில் என்பதுதான் இன்னும் பெரிய விஷயம். ஆறு என்ற கணக்கில் டிகியூ என்ற இடம் சேரவே இல்லை. மாற்றுக்குப் பின் புதிதாக முளைத்துச் சிறுநீரகத்தை மெல்ல அரிக்கும் எதிர்ப்பொருள்களில் அதிகம் காணப்படுவது அந்த டிகியூவுக்கு எதிரானவைதான். தாளில் ‘3/6’ வாங்கிய இரண்டு பேரின் உண்மையான அபாயம் மலைக்கும் மடுவுக்கும் போல இருக்கலாம்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி, பெறுபவரின் ரத்தத்தில் கொடுப்பவருக்கு எதிரான எதிர்ப்பொருள், லேபில் ஆன்டிபாடி என்பார்களே அது, ஏற்கெனவே இருக்கிறதா என்பது. இதைப் பார்க்கும் சோதனைதான் கிராஸ்மேட்ச். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் தட்டு. அதில் மிளகைவிடச் சிறிய குழிகள் வரிசை வரிசையாக. ஒவ்வொரு குழியிலும் கொடுப்பவரின் ரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளையணுக்களையும் பெறுபவரின் சீரத்தையும் ஊசிமுனை அளவுக்கு விடுவார்கள். முயலின் ரத்தத்திலிருந்து எடுத்த காம்ப்ளிமென்ட், அதாவது எதிர்ப்பொருள் ஒட்டிய அணுவைக் கொல்லும் புரதங்கள், சேரும். கடைசியில் சாயம். பிறகு நுண்ணோக்கி. உயிரோடிருக்கும் அணு பளிச்சென்று மின்னும். செத்த அணு சாயத்தை உறிஞ்சிக் கறுத்து ஊதிக் கிடக்கும். குழி முழுக்கக் கறுப்பாக இருந்தால், அந்தச் சிறுநீரகத்தை அந்த உடம்பில் வைத்தாலும் நடக்கப்போவது அதுதான்.

படேலும் டெரசாகியும் 1969இல் வெளியிட்ட கணக்கு: கிராஸ்மேட்ச் பாசிட்டிவ் ஆன 30 பேரில் 24 பேருக்குச் சிறுநீரகம் உடனே செத்தது. நெகட்டிவ் ஆன 195 பேரில் 8 பேருக்கு மட்டும். ரத்தக் குழாயின் கிளிப்பை எடுத்ததும் இளஞ்சிவப்பாக மலர வேண்டிய உறுப்பு, அறுவை மேசையிலேயே திட்டுத் திட்டாக நீலம் பாரிக்கும். ஆறுக்கு ஐந்து சேர்ந்திருந்தாலும், சேராத அந்த ஒன்றுக்கு எதிராக வலுவான எதிர்ப்பொருள் இருந்தால் இதுதான் கதி. ஆறுக்கு ஒன்றும் சேராமல், எதிர்ப்பொருளும் இல்லாமல் இருந்தால், சிறுநீரகம் மேசையிலேயே சிறுநீர் கழிக்கத் தொடங்கும். எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்பதை நம் ஊர் தலைகீழாகப் பிடித்துவைத்திருக்கிறது.

இந்த எதிர்ப்பொருள்கள் எப்படி வருகின்றன? மூன்று வழி: முன்பு வைத்த உறுப்பு, ஏற்றிய ரத்தம், கர்ப்பம். ரத்தம் ஏற்றுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டயாலிசிஸ் நோயாளிக்கு ஹீமோகுளோபின் இறங்கும். “ஒரு யூனிட் போட்டுடலாம்” என்ற வார்த்தை எளிதாக வந்துவிழும். 1973இல் ஓபெல்ஸும் டெரசாகியும், ரத்தம் ஏற்றியவர்களுக்குச் சிறுநீரகம் நன்றாக ஓடுவதைக் கண்டு சொன்னதால், வேண்டுமென்றே ரத்தம் ஏற்றிய காலமும் ஒன்று இருந்தது. சைக்ளோஸ்போரின் வந்தபின் அந்தப் பலன் கரைந்துவிட்டது, எதிர்ப்பொருள் என்ற கெடுதல் மட்டும் மிஞ்சியது. எரித்ரோபொய்ட்டின் ஊசியும் இரும்புச் சத்தும் 1989க்குப் பிறகு கைக்கு வந்துவிட்டன. உயிர்போகும் ரத்தப்போக்கு என்றால் ஏற்றத்தான் வேண்டும், அதில் தயக்கமே கூடாது. மாற்றுக்குக் காத்திருக்கும் ஒருவருக்கு, வேறு வழி இருக்கும்போது வசதிக்காக ஏற்றும் ஒவ்வொரு பாட்டிலும் அவருக்குப் பொருந்தக்கூடிய கொடையாளர்களின் எண்ணிக்கையைக் குறைக்கக்கூடும். ஆறுக்கு எத்தனை என்று ராப்பகலாகக் கவலைப்படும் குடும்பம் இந்தக் கேள்வியை மருத்துவரிடம் ஒருமுறைகூடக் கேட்பதில்லை.

மூன்றாவது வழி பெண்ணுக்கு மட்டுமானது. கருவில் இருக்கும் பிள்ளை பாதி அப்பாவின் எச்.எல்.ஏ.வைச் சுமக்கிறது. அதை அயலானதாகக் கண்டு தாயின் உடம்பு எதிர்ப்பொருள் உருவாக்கலாம். இருபது வருடம் கழித்து அவளுக்குச் சிறுநீரகம் போகும்போது, கொடுக்க முன்வரும் கணவனுக்கு எதிராக அவள் ரத்தத்திலேயே படை நிற்கும். மகன் முன்வந்தாலும் அவனிடம் இருப்பதும் அப்பாவின் அதே பாதிதான். இதில் உள்ள அநியாயத்தை யோசித்துப் பாருங்கள். மகனுக்கு அம்மா ‘பாதிப் பொருத்தம்’ என்பது போலவே அம்மாவுக்கு மகனும் ‘பாதிப் பொருத்தம்’. தாளில் எண் ஒன்று. உண்மையில் மகனுக்கு அம்மா தருவது பெரும்பாலும் சிக்கலில்லாதது. அம்மாவுக்கு மகன் தருவதற்கு முன்னால் ஆன்டிபாடி சோதனையை நுணுக்கமாகச் செய்தாக வேண்டும். பெற்றதற்குப் பெண் தரும் இந்த விலையை ஆறுக்கு எத்தனை என்ற எண் காட்டவே காட்டாது.

உடலியலை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்பித்துவிடவும் முடியாது. தேசிய உறுப்பு மாற்று அமைப்பான நோட்டோவின் கணக்குப்படி 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த 36,640 உறுப்பு மாற்றுகளில் 29,695 ஆண்களுக்கு, 6,945 பெண்களுக்கு. உயிரோடிருந்து கொடுத்தவர்களிலோ பெரும்பாலோர் பெண்கள். கணவனுக்கு நோய் என்றால் மனைவியின் சிறுநீரகம் ‘ரத்த சொந்தம் இல்லாவிட்டாலும்’ சேர்ந்துவிடுகிறது. மனைவிக்கு நோய் என்றால் ‘மேட்ச் ஆகலை’ என்ற சொல் சீக்கிரமாகவே வந்துவிடுகிறது. எல்லா வீட்டிலும் இப்படி என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை இடங்களில் சோதனைத் தாள் இருக்கிறது, எத்தனை இடங்களில் தயக்கம் ஒளிந்திருக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

மருத்துவர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. கொடுக்க விருப்பமில்லாமல் குடும்பத்தின் நெருக்கடியால் வந்து நிற்கும் ஒருவரைக் காப்பாற்ற, “இவருக்குச் சரிப்பட்டு வராது” என்று பொதுவாகச் சொல்லிவிடும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அதை நான் குறை சொல்லமாட்டேன். யாருடைய உறுப்பின் மேலும் யாருக்கும் பாத்தியதை கிடையாது. மனமில்லாதவரை விட்டுவிடத்தான் வேண்டும். ஆனால் அதை ‘மேட்ச் ஆகலை’ என்ற வார்த்தையால் சொல்வதை நிறுத்தலாம். அந்த ஒரு வார்த்தை அடுத்த வீட்டுக்குப் போய், அங்கே மனப்பூர்வமாகக் கொடுக்கத் துடிக்கும் ஒருவரையும் பின்வாங்க வைக்கிறது.

சிறுநீரகம் வைத்த பிறகும் எண்ணைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். கனடாவின் எட்மண்டனில் 2012இல் வெளியான ஆய்வில், தோற்றுப்போன சிறுநீரகங்களில் காரணம் தெரிந்தவற்றில் 64 விழுக்காடு நிராகரிப்பால் போனவை. அந்த நிராகரிப்புகளில் ஏறத்தாழப் பாதி, மருந்தை ஒழுங்காக எடுக்காதவர்களிடம் நடந்தவை. “நல்லாத்தானே இருக்கேன்” என்று விட்ட மாத்திரை, கையில் காசில்லாமல் பாதியாக உடைத்துத் தின்ற மாத்திரை, வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனபோது மறந்த மாத்திரை. ஆறுக்கு ஆறு வாங்கியவர் இவற்றைச் செய்தால் ஆறுக்கு இரண்டு வாங்கி நேரம் தவறாமல் டாக்ரோலிமஸ் விழுங்குபவரிடம் தோற்பார். ஒரு குடும்பம் பொருத்தம் தேடச் செலவிடும் அக்கறையில் பாதியை மருந்துப் பெட்டியின் மேல் வைத்தால் போதும்.

இனி யாராவது உங்களிடம் ‘மேட்ச் ஆகலை’ என்று சொன்னால், எது ஆகவில்லை என்று கேளுங்கள். ரத்த வகையா? அது முட்டுச்சந்து இல்லை. இறந்தவர்களிடமிருந்து உறுப்பு அரிதாகவே கிடைக்கும் ஜப்பானில் 1989 முதலே ரத்த வகை சேராத மாற்றுகள் நடக்கின்றன, இங்கும் நடக்கின்றன. செலவும் தொற்று அபாயமும் கூடும் என்பதால் அதற்கு முன் இன்னொரு ஜோடியோடு மாற்றிக்கொள்ள முடியுமா என்று விசாரியுங்கள். 2011இல் திருத்தப்பட்ட நம் சட்டம், நெருங்கிய உறவுகளுக்குள் கொடுக்க முடியாமல் நிற்கும் இரண்டு ஜோடிகள் கொடையாளரை மாற்றிக்கொள்ள வழி திறந்திருக்கிறது. அகமதாபாத்தில் 2013இல் உலகச் சிறுநீரக தினத்தை ஒட்டிப் பத்து மாற்றுகளை இப்படிச் செய்து காட்டினார்கள். கிராஸ்மேட்ச்சா? அது உண்மையான தடை, அதை மதியுங்கள். எதற்கு எதிரான ஆன்டிபாடி, எவ்வளவு வலு என்று தாளைக் கேட்டு வாங்கி, வேறு கொடையாளரையோ மாற்று ஜோடியையோ தேடுங்கள். இரண்டும் இல்லை, ஆறுக்கு எத்தனை என்ற எண் மட்டும்தான் குறைவு என்றால், கொடுப்பவர் மனப்பூர்வமாகச் சம்மதித்து ஆரோக்கியமாகவும் இருந்தால், அந்தக் காரணத்துக்காக மட்டும் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். கூடவே இறந்தவர்களின் உறுப்புக்கான அரசுப் பட்டியலிலும் இன்றே பெயரைப் பதிந்துவையுங்கள். தமிழ்நாட்டில் அந்த வரிசை ரத்த வகையையும் பதிந்த தேதியையும் பார்த்தே நகர்கிறது.